தணலிற் சுட்ட கத்தரிக்காய்

சமையலைப் பற்றிப் பேசுவோர் குழம்பையும் பொரியலையும் பற்றிப் பேசுவரேயன்றிச் சுடுதலைப் பற்றிப் பேசுவது அரிது. அவித்தல், வறுத்தல், பொரித்தல், வதக்கல், தாளித்தல் என அடுக்களையிலே வழங்கும் சொற்கள் பல. அவை யாவும் ஏதேனும் ஒரு பாத்திரத்தை வேண்டி நிற்பன. அவிப்பதற்குப் பானை வேண்டும். பொரிப்பதற்குத் தாச்சியும் எண்ணெயும் வேண்டும். வறுப்பதற்கு ஓட்டுத்துண்டாயினும் வேண்டும். தோசை சுடுதல், அப்பஞ் சுடுதல் என்ற வழக்குகளை நீக்கிப் பார்த்தால், சுடுதல் என்பது ஒரு பொருளை நேரே நெருப்பின் கையில் ஒப்படைப்பதாகும். இடையிலே மண்ணுமில்லை, உலோகமுமில்லை, நீருமில்லை. மனிதன் முதன்முதற் கற்ற சமையல் இதுவாகவே இருந்திருத்தல் வேண்டும் என்பதை ஊகிக்கப் பெரும் புலமை தேவையில்லை.

யாழ்ப்பாணத்து வீடுகளிலே காய்கறிகளையும் கிழங்குகளையும் சுட்டு உண்ணும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. மரவள்ளிக்கிழங்கைச் சூடான சாம்பலுட் புதைத்துச் சுடுவர். பனம்பழத்தை முழுதாக நெருப்பிலிட்டுச் சுட்டு, தோலை உரித்து, தும்போடு சூப்புவர். செத்தல் மிளகாயைத் தணலிலே காட்டிச் சம்பலுக்கு எடுப்பர். தடிமன் பிடித்த பிள்ளைக்குச் சின்ன வெங்காயத்தைச் சுட்டுக் கொடுப்பர். இவற்றுள் எல்லாம் தலையாயது கத்தரிக்காய். சுட்ட கத்தரிக்காயைத் தோலுரித்துப் பிசைந்து, பச்சை மிளகாயும் வெங்காயமும் அரிந்து போட்டு, கட்டியான தேங்காய்ப்பாலும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டுக் கலந்த சம்பலை அறியாத யாழ்ப்பாணத்தவர் அரியர். ஆயினும், கலியாண வீட்டுப் பந்தியிலோ விருந்தினருக்கு இட்ட இலையிலோ அதனைக் கண்டவரும் அரியர். அங்கே கத்தரிக்காய் எண்ணெயிற் பொரிந்து, குழம்பிலே மிதந்து, மரியாதையோடு வரும். சுட்ட கத்தரிக்காய் வீட்டுக்காரருக்கு மாத்திரம் உரியது. அதுவும் கறிக்கு வேறொன்றும் இல்லாத நாளுக்கு உரியது.

வலிகாமத்துச் செம்மண் கிராமமொன்றில் உள்ள ஒரு வீட்டிலே, இக்கத்தரிக்காய் காரணமாக அண்மைக் காலத்தில் எழுந்த ஒரு சிறு வழக்கு எண்ணிப் பார்க்கத் தக்கது. அவ்வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள் வாழ்கின்றனர். எண்பதை நெருங்கும் மூதாட்டி ஒருவர், அவருடைய மகள், பேராதனையிலே கலைப்பீடத்திற் சமூகவியல் கற்கும் பேத்தி. வீட்டின் பின்புறத்தே, கிணற்றடிக்குச் செல்லும் வழியில், மண்சுவரும் தகரக் கூரையும் கொண்ட ஒரு தனி அடுப்படி இருந்தது. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னர் வீட்டோடு சேர்த்துப் புதுக் குசினி கட்டப்பட்டு, எரிவாயு அடுப்பும் வந்து சேர்ந்தது. அன்று தொட்டுப் பழைய அடுப்படி விறகும் ஊமலும் பொச்சுமட்டையும் அடுக்கி வைக்கும் இடமாயிற்று. 2019 ஆம் ஆண்டிலே அதனை இடித்துவிட்டு, அவ்விடத்தில் மூதாட்டியின் அறையோடு இணைந்ததாக ஒரு குளியலறை கட்டுவதெனத் தாய் தீர்மானித்தார். முதியவர் ஒருவர் மழை இரவிலே, கைவிளக்கோடு, பாசி படர்ந்த கிணற்றடிக்குப் போய் வருவது எத்தகைய ஆபத்தென்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் பெருந்தொற்று வந்தது. பின்னர் சீமெந்தின் விலை ஏறிற்று. வேலை தள்ளிப் போயிற்று.

2021 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், சமையல் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் நாட்டின் பல பாகங்களிலும் நிகழ்ந்ததாகச் செய்திகள் வந்தன. அச்சத்தால் அடுப்பைத் தொடாதிருந்த வீடுகள் பல. அச்சம் நீங்கிய வேளையிலே எரிவாயு நீங்கியது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், வெற்றுச் சிலிண்டர்களை வீதியோரத்தில் வரிசையாக அடுக்கி, சங்கிலியாற் பிணைத்து, மக்கள் நாட்கணக்கிற் காத்துக் கிடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார். அந்த வீட்டிலும் பழைய அடுப்படியின் கதவு மீண்டும் திறக்கப்பட்டது. சிலந்தி வலைகள் துடைக்கப்பட்டன, அடுப்பு மெழுகப்பட்டது, பல்லாண்டுகளின் பின் தகரக் கூரையின் இடைவெளிகளாற் புகை கசிந்தது. எரிபொருள் இன்மையால் விரிவுரைகள் இணையவழிக்கு மாறியிருந்தமையின், பேத்தியும் வீட்டில் இருந்தாள்.

முதல் நாள் மாலையே மூதாட்டி கத்தரிக்காய் சுட்டார்.

அச்செயலைப் பேத்தி கூர்ந்து நோக்கினாள். சிறு வயதில் நூறு முறை உண்ட ஒன்றை, அது உண்டாகும் விதத்தை, அவள் அதற்கு முன் ஒருமுறையேனும் முழுமையாகப் பார்த்ததில்லை. மூதாட்டியின் முறையிலே சில நியமங்கள் இருந்தன. காய் முற்றலாகாது, விதை மிகுந்தாற் கைக்கும். தோல் மினுங்க வேண்டும். காம்பு பச்சையாக இருத்தல் வேண்டும். காம்பை வெட்டலாகாது, நெருப்பிலிருந்து தூக்குவதற்கு அதுவே பிடி. ஈர்க்கினால் நாலைந்து இடங்களிற் குத்த வேண்டும். உள்ளங்கையில் ஒரு துளி நல்லெண்ணெய் தேய்த்துக் காயைத் தடவ வேண்டும். இவையெல்லாம் ஆயத்தமானாலும் உடனே சுடலாகாது. சுவாலை எழுந்து, ஆடி, அடங்கி, ஊமல்கள் செந்தணலாகி, அத்தணலின் மேல் வெண்ணிறச் சாம்பல் மெல்லிய போர்வை போலப் படரும் வரை காத்திருத்தல் வேண்டும். சுவாலையிற் சுடுபவர் தோலைத்தான் சுடுகிறார். தணலிற் சுடுபவரே காயைச் சுடுகிறார் என்பது அம்முறையின் உட்பொருள்.

காய் தணலில் வைக்கப்பட்டதும் மூதாட்டி அதனைப் பார்க்கவில்லை. அவருடைய கண்களிலே புரை படர்ந்திருந்தது. அவர் செவியைச் சாய்த்திருந்தார். முதலிலே தோல் சிறுசிறு ஒலியுடன் இறுகிற்று. பின்னர், குத்திய துளைகளினால் நீராவி சீறிற்று. அச்சீற்றம் தணிந்து, சாறு தணலிலே சொட்டி 'உஸ்' என்ற ஒலி எழுந்ததும் அவர் காம்பைப் பிடித்துக் காயைப் புரட்டினார். இவ்வாறு நான்கு பக்கமும் திரும்பிய பின், விரல் நுனியால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். காய் தன் உருவத்தை இழந்து, காற்றுப் போன பந்து போற் குழைந்து கிடந்தது. அதனை எடுத்து ஒரு சட்டியால் மூடி வைத்தார். சற்று நேரம் தன் ஆவியிலேயே கிடந்தாற்றான் தோல் இலகுவிற் கழரும் என்பது அவர் அனுபவம். தோலுரிக்கும்போது விரல்களை நீரில் நனைத்துக் கொண்டாரேயன்றிக் காயை நீரிற் கழுவவில்லை. கழுவினால் சுட்டதன் பயன் நீரோடு போய்விடும் என்றார்.

பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன ஒருவரின் இந்நியமங்களுக்கும் அறிவியலுக்கும் முரண்பாடு எதுவும் இல்லை. கத்தரிக்காயின் நிறையில் 90 வீதத்துக்கு மேற்பட்டது நீர். அதன் சதையோ கடற்பஞ்சு போலக் காற்றறைகள் நிரம்பியது. வெப்பம் ஏறக் கலச்சுவர்கள் தளர்கின்றன, காற்று வெளியேறுகின்றது, நீர் ஆவியாகின்றது. துளையிடாத காய் வெடித்துச் சிதறுவது இதனாலேயே. உள்ளே நீர் இருக்கும் வரை சதையின் வெப்பநிலை 100 பாகை செல்சியசைப் பெரிதும் தாண்டுவதில்லை. ஆகவே அது தன் சாற்றிலே தானே அவிகின்றது. வெளித்தோலோ அதனினும் பன்மடங்கு சூட்டிற் கருகுகின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மெல்லிய படையிலே, ஏறத்தாழ 140 பாகைக்கு மேல், வெல்லங்களும் அமினோ அமிலங்களும் ஒன்றையொன்று தாக்கிப் புதிய நிறத்தையும் மணத்தையும் தோற்றுவிக்கின்றன. 1912 ஆம் ஆண்டிலே பிரெஞ்சு இரசாயனவியலாளர் லூயி கமீய் மயார் இதனை விவரித்தமையால் அவர் பெயராலேயே இத்தாக்கம் வழங்குகின்றது. நீரிலே எவ்வளவு நேரம் அவித்தாலும் இம்மணம் வாராமைக்குக் காரணம், கொதிநீர் அந்தச் சூட்டை எட்டாமையே. இதற்கு மேலாக, விறகிலுள்ள லிக்னின் என்னும் பொருள் வெப்பத்தாற் சிதையும்போது குவையக்கோல் முதலான சேர்வைகள் புகையோடு எழுந்து காயிற் படிகின்றன. சுட்ட காயைக் கழுவுபவர் இவையனைத்தையும் கழுவி விடுகிறார்.

அன்றிரவு மூவரும் புட்டோடு அச்சம்பலை உண்டனர். பேத்தி மும்முறை வாங்கி உண்டாள். எரிவாயு அடுப்பின் சுவாலையிலே தாய் எப்போதாவது சுட்டுத் தந்த கத்தரிக்காய்க்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை அவள் நாக்கு உடனே உணர்ந்தது. அங்கேயும் தோல் கருகியது, சதை குழைந்தது, ஆனால் விறகின் மணம் இருக்கவில்லை.

அவ்வாரத்திலேயே அவளுக்கு ஒரு கருத்துத் தோன்றிற்று. சமூகவியல் மாணவியாதலின், பிரெஞ்சு மானிடவியலாளர் குளோட் லெவி ஸ்ற்றோஸ் 1964 ஆம் ஆண்டில் வெளியிட்ட, பச்சையானதையும் சமைத்ததையும் பற்றிய நூலை அவள் அறிந்திருந்தாள். சமையல் முறைகளை ஒரு முக்கோணமாக அமைத்து 1965 ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையையும் படித்திருந்தாள். சுடுதல் இயற்கையின் பக்கம் நிற்பது. ஏனெனில் அதற்குப் பாத்திரம் வேண்டியதில்லை. அவித்தல் பண்பாட்டின் பக்கம் நிற்பது; ஏனெனில் அது நீரையும் பாத்திரத்தையும் இடையீடாகக் கொள்வது. அதுமட்டுமன்றி, அவித்தது குடும்பத்தவருக்கும் சுட்டது விருந்தினருக்கும் உரியதாதல் பல சமுதாயங்களிற் காணப்படும் என்பதும் அவர் கூற்று. சுட்ட இறைச்சியை நடுவில் வைத்து விருந்து கொண்டாடும் ஐரோப்பியரை மனத்திற் கொண்டால் இஃது எளிதில் விளங்கும். விதிவிலக்குகள் உண்டென்பதையும் அவர் மறுத்தாரில்லை. யாழ்ப்பாணம் அவ்விதிவிலக்குகளுள் ஒன்றென்று பேத்தி கண்டாள். இங்கே சுட்டது வீட்டாருக்கு, குழம்பு விருந்தாளிக்கு.

ஆயினும் தமிழர் மரபு முழுவதும் அவ்வாறன்று என்பதும் அவள் நினைவுக்கு வந்தது. ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் ஒன்று, புல்வேளூர்ப் பூதன் என்பான் அவருக்கு இட்ட உணவைப் போற்றுகின்றது. வரகரிசிச் சோறு, வழுதுணங்காய் வாட்டு, புளித்த மோர் ஆகிய மூன்றுமே அவ்விருந்து. வழுதுணங்காய் என்பது கத்தரிக்காயின் பழம்பெயர். வாட்டுதலோ நெருப்பிற் காட்டுதலைக் குறிக்கவும் வழங்கும் சொல். அவ்வெளிய உணவுக்கு உலகம் முழுவதையும் ஈடாகச் சொல்கிறது பாடல். வறியவன் ஒருவன் தன்னிடம் இருந்ததை மறைக்காமல் இட்டான். பெற்றவர் அதன் பெறுமதியை அறிந்தார். அந்த வாட்டை விருந்தினர் கண்ணிற்படாமல் மறைக்க வேண்டிய ஒன்றாக நம்மவர் ஆக்கியது எக்காலத்தில், எத்தகைய அந்தஸ்து மோகத்தினால் என்ற வினா அவளுக்குள் எழுந்தது. வட இந்தியாவிலே பெய்ங்கன் பர்த்தா என்றும், லெபனான் முதலிய நாடுகளிலே பாபா கனூஜ் என்றும், ஸ்பெயின் நாட்டுக் கற்றலோனியாவிலே எஸ்கலிவாடா என்றும் இதே சுட்ட கத்தரிக்காய் மதிப்போடு உணவு மேசைக்கு வருகின்றது. எஸ்கலிவாடா என்ற பெயரே தணலிலும் சாம்பலிலும் சுடுதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது.

இவ்வாறு அடுப்படி அவளுக்கு ஒரு சின்னமாயிற்று. அதனை இடிக்க விடுவதில்லை என்று அவள் உறுதி கொண்டாள். 2023 ஆம் ஆண்டிலே எரிவாயு தாராளமாகக் கிடைக்கத் தொடங்க, தாய் மீண்டும் மேசனை அழைத்துக் குளியலறைக்கு அளவெடுத்த நாளன்று, விடுமுறைக்கு வந்திருந்த மகள் எதிர்த்து நின்றாள். நம் பாட்டிமாரின் அறிவெல்லாம் அந்த அடுப்பைச் சுற்றியே வளர்ந்தது என்றாள். அது பரம்பரையின் அடையாளம் என்றாள். குளியலறையை வேறிடத்திற் கட்டலாம் என்றாள். வேறிடத்திற் கட்டினால் மூதாட்டியின் அறைக்கும் அதற்கும் இடையே முற்றம் கிடக்கும் என்று தாய் விளக்கியும் அவள் கேட்கவில்லை. இறுதியில், தன் பக்கம் நிற்பார் என்ற நம்பிக்கையுடன், விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருந்த மூதாட்டியிடம் முறையிட்டாள்.

"இடிக்கச் சொல்லு கொம்மாவிட்டை," என்றார் மூதாட்டி.

பேத்தி திகைத்தாள். "அது எங்கடை பரம்பரை அடுப்பெல்லே அம்மம்மா?"

"பரம்பரையோ? அது தொண்ணூற்றாறிலை நான் போட்ட அடுப்பு, பிள்ளை. அதுக்கு முந்தினது இடிஞ்சு போச்சு. அதுக்கும் முந்தினதை நான் காணேல்லை."

அதன் பின்னர் மூதாட்டி சொன்னவற்றை அவ்வீட்டில் எவரும் அதற்கு முன் முழுமையாகக் கேட்டதில்லை. 1990 ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப் போயிற்று, மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. அந்த ஆண்டுகளில் விறகும் காவோலையும் ஊமலுமே அடுப்பை எரித்தன. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 30 ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே தம் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். மழையிலும் இருளிலும், நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடியடியாக நகர்ந்த அந்தச் சனத்திரளில் இக்குடும்பமும் இருந்தது. ஒரு சைக்கிள், அதன் பின்னே ஒரு மூடை, மூடைக்குள்ளே ஒரேயொரு பானை. நடக்கவியலாத மாமியாரைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிச் சென்றனர். தென்மராட்சியிலே முன்பின் அறியாத ஒருவரின் வளவில், மாட்டுக்கொட்டிலின் ஒரு பாதி அவர்களுக்குக் கிடைத்தது.

"ஒரு பானை கிடந்தது, அது சோத்துக்கு. வளவுக்காரர் தோட்டத்திலை புடுங்கின கத்தரிக்காய் கொஞ்சம் தந்தவர். எதிலை காய்ச்சுறது? மூண்டு கல்லை வைச்சுச் சோறாக்கிப்போட்டு, அந்தத் தணலுக்கை போட்டுச் சுட்டனாங்கள். ருசிக்கெண்டு சுடேல்லை, மோனை. சட்டி இல்லாதபடியாச் சுட்டனாங்கள்."

மாமியாருக்குப் பற்கள் இல்லை. சோற்றை மெல்ல அவரால் இயலவில்லை. சுட்ட காயின் சதையை உப்போடு பிசைந்து, தேங்காய்ப்பால் இன்றி, புளி இன்றி, விரலால் எடுத்து ஊட்டினார் மருமகள். அடுத்து வந்த மார்கழியில் மாமியார் அக்கொட்டிலிலேயே இறந்தார். ஈமக்கிரியைகள் அந்நிய வளவொன்றிலேயே நடந்தன. 1996 ஆம் ஆண்டிலே ஊர் திரும்பியபோது வீட்டில் கதவுகள் இல்லை. அடுப்படியின் கூரை இல்லை. அடுப்பு மழையிற் கரைந்து கிடந்தது. கிணற்றடி மண்ணைக் குழைத்து அவர் புதிய அடுப்பொன்று போட்டார். பேத்தி பரம்பரைச் சின்னமென்று எண்ணியது அதனைத்தான்.

"அந்தப் புகையுக்கை நிண்டுதான் எனக்கு இந்த இழுப்பு வந்தது. கண்ணும் அதாலைதான் எண்டு நினைக்கிறன். உனக்கு அதிலை என்ன ஆசை? சுடத் தெரிஞ்சால் காணும்; கல்லு எங்கையும் கிடக்கும்."

பாத்திரம் வேண்டாத சமையல் என்று நூல் சொன்னதையே மூதாட்டியும் சொன்னார். ஆனால் நூலிலே அது ஒரு வகைப்பாடு. மூதாட்டியின் வாயிலே அது ஓர் இழப்பின் கணக்கு. பாத்திரம் வேண்டாமை வேறு. பாத்திரம் இல்லாமை வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அன்றுதான் பேத்தி உணர்ந்தாள்.

மூதாட்டியின் ஐயம் ஆதாரமற்றதுமன்று. வீட்டினுள்ளே விறகு முதலியவற்றை எரிப்பதனால் உண்டாகும் வளி மாசினால் 2020 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நீடித்த சுவாச நோய்கள், இருதய நோய்கள், நுரையீரற் புற்றுநோய் என்பன இதனோடு தொடர்புடையவை. கண்புரையோடு உள்ள தொடர்பும் சுட்டப்பட்டுள்ளது. இச்சுமையைப் பெரிதும் சுமப்போர் அடுப்பின் முன் நிற்கும் பெண்களும் அவர்தம் மடியிலிருக்கும் குழந்தைகளுமே. கத்தரிக்காய்க்கு மணத்தைத் தந்த அதே புகைதான், ஐம்பது அறுபது ஆண்டுகளாக, அதனைச் சுட்டவரின் நெஞ்சிலும் படிந்தது. உண்டவருக்கு மணம், சுட்டவருக்கு இழுப்பு. விறகடுப்பின் சுவையைப் போற்றி எழுதுவோரிற் பலர் விறகடுப்பின் முன் நிற்காதவர் என்பதும் மறைக்க வேண்டிய உண்மையன்று. பழைமையைக் காத்தல் என்னும் பேரால், ஒரு பெண்ணின் இருமலையும் சேர்த்துக் காக்க முற்படுதல் அறமாகாது.

பேத்தி தன் எதிர்ப்பைக் கைவிட்டாள். ஆயினும் ஒன்று கேட்டாள்: இடிப்பதற்கு முன், சுடுவதற்குத் தனக்குக் கற்றுத்தர வேண்டும். மூதாட்டி இசைந்தார், ஆனால் அடுப்படிக்குள் அன்று.

முற்றத்திலே, மாமரத்துக்கு அப்பால், பழைய இரும்புத் தாச்சி ஒன்றிற் சிரட்டைக்கரி மூட்டப்பட்டது. நன்கு எரிந்து பிடித்த கரி, விறகைப்போற் புகைப்பதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத காபனோரொட்சைட்டு அதிலிருந்து வெளிப்படும். ஆதலின் மூடிய அறையுள் அதனை எரித்தல் உயிருக்கு ஆபத்து. திறந்த வெளியே அதற்குரிய இடம். மூதாட்டியின் கதிரை காற்று வரும் திசையில், புகை எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டது.

முதற் காய் கெட்டது. சுவாலை அடங்கும் வரை பேத்தி பொறுக்கவில்லை. தோல் கரியாயிற்று, வெட்டிப் பார்த்தபோது சதை வெள்ளையாக, இரப்பர் போல இறுகியிருந்தது. மூதாட்டி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது காய், ஈர்க்கினால் ஆழக் குத்தாமையால், ஒரு பக்கம் வெடித்துத் தணலிற் சிதறிற்று. மூன்றாவது காயை வைத்தபின், புரட்டுவதற்கு அவள் கை எடுத்தபோது, தூரத்திலிருந்து குரல் வந்தது.

"இன்னும் இல்லை. சத்தம் மாறட்டும்."

அவள் கையை மடக்கிக் கொண்டாள். தணலின் மேல் மெல்லிய சாம்பல் படர்ந்திருந்தது. நீராவியின் சீற்றம் சிறிது சிறிதாகத் தணிந்தது. ஒரு துளி சாறு சொட்டிற்று, உஸ் என்றது. விறாந்தையில் இருந்தவருக்கு அவ்வொலி எட்டியிருக்க முடியாது. ஆயினும் அதே கணத்தில், "இப்ப," என்றார்.

அடுத்த வாரம் அடுப்படி இடிக்கப்பட்டது. மண்சுவர் ஒரு காலைப்பொழுதிலே தரையோடு தரையாயிற்று. பேத்தி அதனைப் பார்த்து நின்றாளாயினும் அழவில்லை. குளியலறை சில மாதங்களிற் கட்டி முடிந்தது. அதன் சுவரிலே மூதாட்டி பிடித்து நடப்பதற்கு ஓர் இரும்புப்பிடி பொருத்தப்பட்டது. மழை இரவுகளில் இப்போது எவரும் கைவிளக்கோடு கிணற்றடிக்குப் போவதில்லை.

மரபு என்பது இடமா, பொருளா, செயலா என்பது அறிஞர் விவாதத்துக்கு உரியது. இடம் இருமுறை பறிபோயும், பொருள் மும்முறை மாறியும், ஒரு செயல் அவ்வீட்டில் நிலைத்தது. மழையிற் கரைந்த அடுப்பிலும், மாட்டுக்கொட்டிலின் மூன்று கல்லிலும், முற்றத்துத் தாச்சியிலும் காய் ஒரே வகையாகவே வெந்தது. தணல் ஆறும் வரை பொறுக்கவும், ஒலி மாறும் வரை கேட்கவும் கற்ற ஒருவர் மீதமிருக்கும் வரை அச்செயல் அழியாது. அதற்குப் புகை நிறைந்த ஓர் அறையும் தேவையில்லை.

கடந்த தீபாவளிக்கு அவ்வீட்டுக்கு விருந்தினர் சிலர் வந்திருந்தனர். இலையிலே பொரித்த குழம்பும் பருப்பும் வடையும் இருந்தன. அவற்றோடு ஒரு மூலையிற் சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலையும் பேத்தி வைத்தாள். தாய் ஒருகணம் தயங்கினார், பின்னர் தடுக்கவில்லை. விருந்தினர் அதனையே மீண்டும் கேட்டு வாங்கினர். எல்லோரும் உண்டபின் மூதாட்டிக்கு இலை போடப்பட்டது. அவர் சம்பலில் ஒரு விரல் தொட்டு நாவில் வைத்து, சிறிது நேரம் சிந்தித்தார்.

"உப்புக் காணாது," என்றார்.

பேத்தி உப்பெடுக்க உள்ளே போனாள்.